80-இலிருந்து ஆரம்பித்த பட்டை

கேள்வி: எட்டாவது படிக்கும் என் சின்ன மகளுக்குப் பட்டை விளக்கப்படம் எது, நிகழ்வுச் செவ்வகம் எது, வட்ட விளக்கப்படம் எப்போது போட வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் புரியுமே என்று, காலாண்டுத் தேர்வில் அவளும் பத்தாவது படிக்கும் அவள் அக்காவும் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பட்டையாக வரைந்து ஹாலில் ஒட்டினேன். வித்தியாசம் பளிச்சென்று தெரியட்டும் என்று 80-இலிருந்து ஆரம்பித்தேன். பெரியவள் 96, இவள் 84. இவள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை, சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். டியூஷனில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: டியூஷன் வேண்டாம். முதலில் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுங்கள் அம்மா.

80-இலிருந்து ஆரம்பித்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. பட்டையில் நம் கண் பார்ப்பது நீளத்தை மட்டும்தான், அதனால் அது பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும். ஒரு மார்க்குக்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சுவரில் பெரியவளின் பட்டை 16 செ.மீ., சின்னவளுடையது 4 செ.மீ. அக்காவில் கால்வாசி! உண்மையில் அவள் வாங்கியிருப்பது அக்காவின் மார்க்கில் எட்டில் ஏழு பங்கு. பூஜ்ஜியத்திலிருந்து, 5 மார்க்குக்கு ஒரு செ.மீ. என்று போட்டால் ஒன்று 19.2, இன்னொன்று 16.8, கிட்டத்தட்ட தோளோடு தோள் நிற்கும். வீட்டுக்கு வந்த பெரியம்மாவும் எதிர்வீட்டுக்காரரும் எண்ணையா படித்திருப்பார்கள், குட்டையாக நின்ற பட்டையைத்தானே பார்த்திருப்பார்கள். அந்தப் பட்டைக்கு எதிரே உட்கார்ந்து அவள் எப்படிச் சோறு சாப்பிடுவாள்?

அதுவும் எட்டாம் வகுப்புத் தாளும் பத்தாம் வகுப்புத் தாளும் ஒன்றா? ஒரே கேள்வித்தாள் எழுதாத இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதே தப்பு.

சரி, பாடத்துக்கு வருகிறேன். தனித்தனி விஷயங்களை அளவில் ஒப்பிட பட்டை. கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் எத்தனை கிலோ விற்றது என்பது போல. நடுவே இடைவெளி இருக்கும், இடம் மாற்றி வரைந்தாலும் குற்றமில்லை. நிகழ்வுச் செவ்வகத்தில் அப்படி மாற்ற முடியாது. வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தை 130-140, 140-150 என்று பிரித்தால் ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது, அதனால் இடைவெளி விடாமல் ஒட்டி நிற்கும். வட்டம், ஒரு முழுமையைப் பங்கு போட: மாதச் சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு. காலப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்ட கோட்டு வரைபடம். அது பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, ஆஸ்பத்திரியில் காய்ச்சல் குறிக்கிற அட்டையைப் பாருங்கள், அங்கே நாம் ஏற்ற இறக்கத்தைத்தான் படிக்கிறோம்.

1786-இல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டையாக வரைந்தார். மற்ற நாடுகளுக்குப் பல வருடக் கணக்கை வைத்துக் கோடு போட்டவருக்கு ஸ்காட்லாந்துக்கு ஒரே வருடக் கணக்குதான் கிடைத்தது, ஒரு வருடத்தை வைத்து வளர்ச்சியைக் காட்ட முடியாதே, அதனால்தான் பட்டை. உங்களிடமும் இருப்பது ஒரே ஒரு காலாண்டுத் தேர்வு. அதை வைத்து ஒரு பிள்ளை மக்கு என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அவள் முன்னேறுகிறாளா என்று தெரிய வேண்டுமானால் அவளுடைய பழைய தேர்வுகளையும் சேர்த்து அவளுக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள். அதில் அக்கா வேண்டாம்.

எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. நாளைக்கு நீங்களும் அவர்கள் அப்பாவும் இல்லாத காலத்தில் இந்த இரண்டு பேருக்கும் ஒருவருக்கு ஒருவர்தான் துணை. அந்தத் துணைக்கு நடுவில் அளவுகோலோடு போய் நிற்பது தாய் செய்கிற வேலை இல்லை.

இன்றைக்கு ராத்திரியே சின்னவளிடம், "அம்மா தப்பாக வரைந்துவிட்டேன், 80-இலிருந்து தொடங்கியிருக்கக் கூடாது" என்று காரணத்தோடு சொல்லுங்கள். அப்புறம் கிராஃப் ஷீட்டை அவள் கையில் கொடுத்து, நம் கடலூரில் எந்த மாதத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று பட்டை போடச் சொல்லுங்கள், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பட்டைகள் எப்படி எழும்புகின்றன என்று அவளே பார்ப்பாள். பெரியவள் வேண்டுமானால் பென்சில் சீவிக் கொடுக்கட்டும். வரைந்து முடித்ததை ஹாலில் ஒட்டலாமா என்று அவளையே கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.