முதலில் ஸலாம், பிறகு சமாச்சாரம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓமான் பயணத்தைப் பற்றியவை. மஸ்கட்டில் 24 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவள் என்பதால், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் என்னிடம் அனுப்பிவிட்டது. சந்தோஷமாகவே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தை வாழவைத்த ஊர் அது. அங்கே போகிற நம்மவர்கள் நல்லபடியாகச் சுற்றிப் பார்த்து, நல்ல பெயரோடு திரும்ப வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

டிசம்பரில் ஆறு நாள் மஸ்கட், நிஸ்வா போகிறோம். நான், கணவர், மகள், 62 வயது மாமியார். அத்தை சேலை தவிர வேறு உடுத்த மாட்டார். பொட்டு, தாலி வெளியே தெரிந்தால் ஏதாவது சொல்வார்களா? பெரிய பள்ளிவாசலுக்குள் எங்களை விடுவார்களா?
வாசகி, கோவில்பட்டி

ஒன்றும் சொல்ல மாட்டார்கள் தங்கச்சி. இந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற ஊர் அது. பொட்டும் சேலையும் மஸ்கட்டின் பழைய மத்ரா கடைத்தெருவுக்குப் புதிதல்ல. அத்தையின் இடுப்பு தெரியாதபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டால் போதும். நீங்களும் மகளும் தோளும் முழங்காலும் மூடுகிற மாதிரி எதை உடுத்தினாலும் சரி. சுடிதாரும் துப்பட்டாவும் எடுத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். 2001-இல் திறந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 மணி வரை அனுமதி. பெண்கள் தலைமுடி, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றையும் மூட வேண்டும். சேலையில் ரவிக்கைக் கை குட்டையாக இருக்குமே, அதனால் அத்தைக்கு மேலே போர்த்த ஒரு பெரிய சால்வையோ முழுக்கைச் சட்டையோ அவசியம். மெல்லிய துணியாக இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். எட்டு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்துவிடும். உள்ளே விரித்திருக்கும் கம்பளம் ஈரானில் 600 பெண்கள் நான்கு ஆண்டுகள் கையால் முடிச்சிட்டு நெய்தது, எடை 21 டன். அதன்மேல் கால் படாதபடி பார்வையாளர்கள் நடக்க ஒரு நீல விரிப்பு போட்டிருப்பார்கள். அதைவிட்டு விலகாதீர்கள். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிள்ளைகள் அந்தப் பரப்பைக் கண்டதும் ஓடத்தான் பார்ப்பார்கள்.

மற்ற பள்ளிவாசல்களை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து மசாலாப் பொடி, ஊறுகாய், அம்மாவின் மாத்திரைகள் எடுத்துப் போகலாமா? துபாயில் விமானம் மாறுகிறோம்.
வாசகர், மதுரை

தம்பி, துபாய் வழி என்று எழுதினீர்களே, நல்லது. துபாய் இருக்கிற ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சவுதியிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் கணக்கில் வருகிறது. தனியாகக் கசகசா வாங்கிப் போக மாட்டீர்கள், தெரியும். ஆனால் அம்மா அரைத்துக் கொடுக்கிற குருமாப் பொடியில் அது இருக்கும். அந்தப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெற்றிலை, பான் மசாலா, மெல்லுகிற புகையிலை எதுவும் வேண்டாம். ஊறுகாய் கொண்டுபோகலாம், எண்ணெய் கசியாமல் கட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம், குளோனசெபம், நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரிகாபலின் எல்லாம் வளைகுடாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இவற்றில் ஒன்றையாவது தினமும் போடுகிறார்கள், பெயர் தெரியாமலே. அம்மாவின் மாத்திரை அட்டைகளை எடுத்துவைத்து மருந்தின் மூலப்பெயரை ஒவ்வொன்றாகப் படியுங்கள். மேலே சொன்னவை இருந்தால், கிளம்புமுன் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் முன் அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். டாக்டரின் சீட்டு ஆங்கிலத்தில், மூலப்பெயரோடு, கையெழுத்தும் முத்திரையுமாக இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையைவிட்டுப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள்.

இன்னொன்று. "அங்கே என் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது விமான நிலையத்தில் பொட்டலம் நீட்டினால், தயவுதாட்சண்யமே பார்க்காதீர்கள். திறந்து பார்க்காத பொட்டலத்தைச் சொந்தத் தம்பியே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் மகனோடு வேலை பார்க்கும் ஓமானி நண்பர் எங்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது?
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்

ஐயா, இந்தப் பயணத்திலேயே உங்களுக்குக் கிடைத்த பெரிய பேறு இதுதான், தவற விடாதீர்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். உங்கள் வீட்டு அம்மாவைப் பெண்கள் இருக்கும் அறைக்கு அழைத்துப் போவார்கள், நீங்களும் மகனும் மஜ்லிஸ் என்கிற வரவேற்பறையில் ஆண்களோடு இருப்பீர்கள். பிரித்துவிட்டார்களே என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஓமானைக் காட்டியதே அந்த உள் அறைகள்தான். எதிரே பெண்கள் வந்தால் நீங்களாகக் கை நீட்டாதீர்கள், வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும். "மனைவி எப்படி இருக்கிறார்" என்று நண்பரிடம் கேட்பது அங்கே வழக்கமில்லை. "வீட்டில் எல்லாரும் நலமா" என்று கேளுங்கள்.

முதலில் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வரும். கஹ்வா என்பது ஏலக்காய் மணக்கும் பாலில்லாத காப்பி, சர்க்கரை கிடையாது. பேரீச்சைதான் அதற்கு இனிப்பு. ஊற்றுகிறவர், பெரும்பாலும் வீட்டின் இளைய மகன், கூஜாவை இடது கையிலும் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணங்களை வலது கையிலும் வைத்துக்கொண்டு நின்றபடியே ஊற்றுவார். கிண்ணத்தில் பாதிகூட இருக்காது. அதைக் குறையென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறைய ஊற்றினால்தான் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று பொருள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பக்கத்திலேயே நின்று உங்களைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று பொருள். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால், வெறும் கிண்ணத்தை இரண்டு விரலில் பிடித்து மணிக்கட்டை இப்படியும் அப்படியும் இரண்டு மூன்று தடவை ஆட்டிவிட்டுக் கொடுங்கள். ஆட்டாமல் நீட்டினால் மறுபடியும் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு கிண்ணமாவது குடியுங்கள், மறுத்துவிட்டால் முகம் வாடிவிடும்.

சாப்பாடு தரையில் ஒரே பெரிய தாம்பாளத்தில் வரும். வலது கையால், உங்களுக்கு நேர் எதிரே இருக்கிற சோற்றை மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள். நல்ல கறித் துண்டைக் கிள்ளி உங்கள் பக்கம் தள்ளுவார்கள். நீங்கள் சைவம் என்றால் அழைப்பை ஏற்கும்போதே மகன் மூலம் சொல்லிவிடுவதுதான் மரியாதை. தாம்பாளத்தின் முன் உட்கார்ந்த பிறகு சொன்னால், அந்த வீட்டார் எவ்வளவு தவித்துப்போவார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்ன கொண்டுபோவது? நெய் மைசூர்பாகு ஒரு பெட்டி. சுவரில் தொங்கும் பொருளையோ பழைய வெள்ளிக் குத்துவாளையோ விழுந்து விழுந்து பாராட்டாதீர்கள், எடுத்துக் கொடுத்துவிடப் பார்ப்பார்கள். "மாஷா அல்லாஹ்" என்று ஒரு வார்த்தை போதும்.

கடைசியில் தூபக்கால் வரும். தோஃபார் மலைப்பகுதியில் விளைகிற லுபான், நாம் குந்திரிக்கம் என்கிறோமே, அது அல்லது ஊத் என்கிற அகில் கட்டை புகையும். கையால் புகையை முகத்துக்கும் உடைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். தூபம் வந்துவிட்டால் விருந்து முடிந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் உட்கார வேண்டாம்.

கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டலாமா? வாடிகளில் குளிக்கலாமா?
வாசகர், சேலம்

ஓட்டலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். சாலையில் வலப்பக்கம் போக வேண்டும், முதல் நாள் முழுக்கக் கை தடுமாறும். பச்சை மலை என்கிற ஜபல் அக்தருக்குப் போவதாக இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் எடுக்க வேண்டும். பிர்கத் அல் மவ்ஸில் போலீஸ் சோதனைச் சாவடி உண்டு, சாதாரணக் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவசர உதவிக்கு 9999.

வாடி என்பது மலைகளுக்கு இடையே ஓடுகிற காட்டாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் கூழாங்கல்தான். ஒருமுறை குரையாத் பக்கம் போனோம். எங்கள் தலைக்குமேல் வானம் பளிச்சென்று இருந்தது. எதிரே வந்த லாரிக்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, முதலில் நுரையும் காய்ந்த குச்சிகளும் நாக்கு நீட்டின மாதிரி வந்தன, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர். பாறைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் காருக்குள் கேட்டது. மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மழை எங்கோ மலைக்கு அப்பால் பெய்திருக்கிறது. 2024 ஏப்ரலில் ஸமத் அஷ்ஷான் பகுதியில் இப்படித்தான் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளத்தில் போனார்கள். அந்தச் செய்தியை இங்கே உட்கார்ந்து படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆகவே சொல்கிறேன்: ஓடுகிற தண்ணீர் எத்தனை ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் வண்டியை இறக்காதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் வாடிப் பக்கமே போக வேண்டாம்.

மற்ற நாட்களில் தாராளமாகக் குளியுங்கள். வாடி ஷாபில் ஒரு ரியால் கொடுத்துப் படகில் அக்கரை போய், முக்கால் மணி நேரம் நடந்தால் பச்சைக் குளங்கள். ஆண்களும் பெண்களும் சட்டையோடு இறங்குவதுதான் அங்கே முறை. கிராமங்களில் ஃபலஜ் என்கிற கல் வாய்க்கால்களைப் பார்ப்பீர்கள். அதன் தலைப்பகுதித் தண்ணீர் குடிக்க, அதற்குக் கீழேதான் குளியல், அதற்கும் கீழே தோட்டம். மேல் வாய்க்காலில் காலை நனைத்துவிடாதீர்கள்.

நிஸ்வா ஆட்டுச் சந்தையில் படம் எடுக்கலாமா?
புகைப்படம் கற்கும் மாணவி, சென்னை

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும்தான் சந்தை, ஏழு மணிக்கே அங்கே இருங்கள். வாங்குகிறவர்கள் வட்டமாக இரண்டு வரிசையில் நிற்பார்கள், நடுவில் உள்ள பாதையில் விற்கிறவர்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு விலை கூவியபடி சுற்றுவார்கள். யாராவது கை காட்டினால் நிறுத்தி, பல்லைப் பார்த்து, மடியைத் தடவி, பேரம். அந்தப் பாதையில் கேமராவோடு போய் நிற்கிற வெளியூர்க்காரர்கள்தான் இப்போது சந்தைக்குப் பெரிய இடைஞ்சல். வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள். ஆண்களிடம் கேட்டால் பெரும்பாலும் சிரித்துத் தலையாட்டுவார்கள். முகத்தில் பத்தூலா என்ற மூடி அணிந்த, பாலைவன நாடோடிக் குடிகளான பதூப் பெண்களும் ஆடு விற்க வருவார்கள். அந்த முகமூடி உங்கள் கேமராவை எவ்வளவு இழுத்தாலும், அவர்களை எடுக்காதீர்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டும் வேண்டாம். போலீஸ், ராணுவம், விமான நிலையம் எதையும் படம் பிடிக்கக் கூடாது.

ரமலான் மாதத்தில் டிக்கெட் மலிவாக இருக்கிறதே, போகலாமா?
வாசகர், திருச்சி

போகலாம், ஆனால் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் புகைப்பதும் சட்டப்படி குற்றம். உணவகங்கள் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஓமான் பணம் புரியவில்லை. ஒரு கடையின் இணையப் பக்கத்தில் 1.500 என்று போட்டிருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறா?
வாசகி, ஈரோடு

இல்லை, ஒன்றரை ரியால். ஒரு ரியாலுக்கு 1,000 பைசா, அதனால் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். ஒரு ரியால் 2.60 அமெரிக்க டாலருக்குச் சமம், எனவே சின்ன எண்ணாகத் தெரிகிறதே என்று வாரி இறைத்துவிடாதீர்கள். மத்ரா கடைத்தெருவில் பேரம் பேசலாம், மதியத்தில் கடைகள் மூடியிருக்கும்.

நான்கு அரபிச் சொல் கற்றுக்கொண்டு போக ஆசை. எவை?
பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி

மஸ்கட் போன முதல் வாரம், தெருமுனைக் கடைக்குப் போய், "பால் இருக்கா, எவ்வளவு?" என்று ஹிந்தியில் கேட்டேன். கல்லாவில் இருந்த ஓமானிப் பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வ அலைக்குமுஸ் ஸலாம்" என்றார், நான் சொல்லாத ஸலாமுக்குப் பதில். கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது. மறுநாள் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லிக்கொண்டே படியேறினேன். பதில் சொல்லி, "கைஃப் ஹாலிக்?" என்று நலம் கேட்டார். பெண்ணிடம் ஹாலிக், ஆணிடம் ஹாலக். அதற்குப் பதில் "அல்ஹம்துலில்லாஹ்". நன்றிக்கு "ஷுக்ரன்". உங்களுக்கு வேண்டிய நான்கும் இவைதான். பிள்ளைகள் சுகமா, ஊரில் அம்மா சுகமா, வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் அவர் எழுந்துபோய்ப் பாலை எடுத்துக்கொண்டு வந்தார்.