செப்பாங்கில் இரண்டு நாள், மூன்றாம் கியரில் நறநற: வாரண்டி கைகொடுக்குமா?

கேள்வி: பதினொரு மாதத்துக்கு முன் தனி இறக்குமதியாளர் (தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர்) ஒருவரிடம் புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். மேனுவல் கியர், 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு முறை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டினேன். இப்போது இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றினால் நறநறக்கிறது. ‘டிராக்கில் ஓட்டினாலும் வாரண்டி உண்டு’ என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். இப்போது ‘பார்க்கலாம்’ என்கிறார். தெரிந்த பட்டறைக்காரர், 600 வெள்ளி கொடுத்தால் காரின் கம்ப்யூட்டரில் உள்ள பதிவை அழித்துத் தருகிறேன், அதன்பிறகு கொண்டுபோங்கள் என்கிறார். அடுத்த மாதம் மறுபடி செப்பாங் போக இடம் பதிந்திருக்கிறேன். என்ன செய்யலாம்? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: முதல் வேலை, அந்த 600 வெள்ளி பையை விட்டு வெளியே போகக் கூடாது. உங்கள் கடிதத்தில் கியர் சத்தத்தைவிட ஆபத்தான விஷயம் அந்தப் பட்டறைக்காரரின் யோசனைதான்.

அவர் கையில் இருக்கும் கருவி பழுதுக் குறியீடுகளை அழிக்கும். அழித்த அடையாளத்தை அதனால் அழிக்க முடியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி இணைப்பில் எந்தச் சாதாரணக் கருவியைச் செருகினாலும், ‘குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு கணக்கு பெரும்பாலான கார்களில் வரும். அழித்தபின் எஞ்சின் எத்தனை முறை சூடேறியது என்பதும் வரும். 14,000 கிலோமீட்டர் ஓடிய கார், குறியீடு அழித்து 12 கிலோமீட்டர்தான் ஆகிறது என்று காட்டினால் சர்வீஸ் மேலாளர் என்ன நினைப்பார்? வெறும் சந்தேகமாக இருந்ததை நீங்களே சாட்சியோடு கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. எஞ்சின் எந்த வேகத்தில் சுழன்றது என்ற பதிவு வேறு இடத்தில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் அழிப்புக் கருவிகள் பல அதைத் தொடுவதே இல்லை. போர்ஷே கார்களில் எல்லை மீறிய சுழற்சியை ஆறு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் எத்தனை தடவை, கடைசியாக எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது என்றுகூடப் பதிந்து வைக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஆவ்டி கார்களில் எஞ்சின் மென்பொருளை மாற்றியது தெரிந்தால் ‘டிடி1’ என்ற குறி நிறுவனத்தின் கணினியிலேயே ஏறிவிடும். காரிலிருந்து அழித்தாலும் அது நிறுவனத்தின் கணினியில் இருக்கும்.

இந்த ‘மெமரி வாஷ்’ ஆசாமிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கேட்பார்கள், ரசீது தரமாட்டார்கள். சிலர் இசியு எனப்படும் எஞ்சின் கணினியின் மென்பொருளையே மாற்றி எழுதுவார்கள். மாற்றி எழுதிய எண்ணிக்கையும் பல கார்களில் பதிவாகும். நாளைக்கு நடுவர் மன்றத்தில் நீங்கள் நிற்கும்போது அவர் பக்கத்தில் நிற்கமாட்டார். தடத்தில் ஓட்டியதை ஒப்புக்கொண்டு வாதாட ஓர் இடம் உண்டு. தடயத்தை அழித்துவிட்டு வாதாட இடமே இல்லை.

இனி உங்கள் வாரண்டிக்கு வருவோம். தனி இறக்குமதியாளரிடம் வாங்கிய காருக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி இங்கே பெரும்பாலும் செல்லாது. உங்களிடம் இருப்பது இறக்குமதியாளரே தருவதாகவோ, அவர் வேறொரு வாரண்டி நிறுவனத்திடம் வாங்கிக் கொடுத்ததாகவோ இருக்கும். இரண்டாவது வகையென்றால் ஒரு கோரிக்கைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும், எந்தெந்தப் பாகம் என்று பட்டியல் இருக்கும். கியர்பாக்ஸ் என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே, கியர் சத்தமில்லாமல் மாற உதவும் சின்க்ரோ வளையத்தைத் ‘தேய்மானப் பொருள்’ பக்கம் தள்ளியிருப்பார்கள். அந்தப் பட்டியலை இன்றிரவே எடுத்துப் படியுங்கள். ஷோரூமில் கொடுத்த பளபளப்புத் தாள் வேண்டாம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். கார் செப்பாங் வளைவில் சீறுகிற படத்தை விளம்பரத்தில் போடுவார்கள், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தடத்தில் ஓட்டாதே என்பார்கள். விற்கும்போது ஒரு வாய், பழுது பார்க்கும்போது இன்னொரு வாய்.

விலக்கு விதியின் சொற்கள்தான் இங்கே எல்லாம். பெரும்பாலும் மூன்று விதமாக எழுதுவார்கள். முதலாவது, ‘பந்தயம் அல்லது போட்டி’. இதுமட்டும் இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு: நீங்கள் யாரோடும் போட்டியிடவில்லை, பணம் கட்டித் தடத்தில் ஓட்டப் போனீர்கள், அவ்வளவுதான். மூன்றாவது, ‘பொதுச் சாலை அல்லாத மூடிய தடத்தில் ஓட்டுவது’. அப்படி எழுதியிருந்தால் ஒரு சுற்று ஓட்டினாலும் விலக்குக்குள் வந்துவிடுகிறீர்கள்.

தலைவலி இரண்டாவதில்தான்: ‘போட்டி அல்லது நேரம் கணக்கிடப்படும் ஓட்டம்’. பணம் கட்டித் தடத்தில் ஓட்டும் ‘டிராக் டே’ நாட்களை நடத்துபவர்களின் மேசையில் டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை வாடகைக்குத் தருவார்கள். காரில் ஒட்டிக்கொண்டு ஓடினால் ஒவ்வொரு சுற்றின் நேரமும் அச்சாகி வரும். நண்பர்களிடம் காட்டிக்கொள்ள ஆசையாக இருக்கும். ஆனால் அந்தத் தாளில் கார் எண், தேதி, உங்கள் பெயர் எல்லாம் இருக்கும். ‘நேரம் கணக்கிடப்பட்ட ஓட்டம்’ என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இறக்குமதியாளருக்குக் கிடைக்காது. நீங்கள் அதை வாடகைக்கு எடுக்கவில்லை, பயிற்றுநரோடு ஓட்டப் பயிற்சி வகுப்பில்தான் ஓட்டினீர்கள் என்றால் நிலைமை வேறு. பயிற்சி என்பதற்கு நிகழ்ச்சியின் பதிவுத் தாளும் பயிற்றுநர் பெயரும் இருந்தால் எடுத்து வையுங்கள். தொலைபேசிச் செயலியில் தானாக நேரம் பார்த்துக்கொண்டது? ‘கணக்கிடப்படும்’ என்றால் நடத்துபவரால் கணக்கிடப்படுவது என்று நீங்கள் வாதிடலாம்; ஒப்பந்தத்தில் அப்படிச் சொல்லவில்லையே என்று அவர்கள் வாதிடலாம். ஆனால் அந்தச் செயலித் திரையைப் படம்பிடித்து இன்ஸ்டகிராமில் போட்டிருந்தால் வாதாடுவதற்கு முன்பே பாதி தோற்றாயிற்று. இப்போது நீக்கினாலும் பிறர் எடுத்து வைத்திருப்பார்கள். ஆகவே நீக்குவதிலும் பயனில்லை, இனிமேல் போடாமல் இருப்பதில் பயனுண்டு.

இந்த இடத்தில் ஒருவர் வந்து ‘ஹியூண்டாயின் N ரகக் கார்களுக்கு ஆஸ்திரேலியாவில் தடத்தில் ஓட்டினாலும் வாரண்டி தருகிறார்களே’ என்பார். உண்மைதான். போட்டியில்லாத, நேரம் கணக்கிடாத தட ஓட்டத்துக்கு அங்கே தருகிறார்கள். ஆனால் அது ஆஸ்திரேலிய நிறுவனம் ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. சிங்கப்பூரில் வாங்கிய காருக்கு, அதுவும் வேறொரு நிறுவனத்தின் காருக்கு, அதைக் காட்டிப் பயனில்லை. அதேபோல் ‘2017-க்குப் பிறகு வாரண்டியை மறுக்கவே முடியாது’ என்று சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. 2017 டிசம்பரில் நடந்தது இதுதான்: வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனையை, சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டபின் கார் விற்பனையாளர்கள் பலர் எடுத்துவிட்டார்கள். வெளிப் பட்டறையால் வந்த பழுதை மறுக்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. பந்தயத் தடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் அதன் உள்ளே இருக்கும் நியாயம் உங்களுக்கு உதவும்: எந்தச் செயலால் எந்தப் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். தடத்தில் ஓட்டினாய், எனவே ஏர்கானும் கிடையாது, கதவு ரப்பரும் கிடையாது என்று மொத்தமாகக் கைகழுவ விடாதீர்கள்.

உங்கள் கியர்பாக்ஸில் என்ன நடந்திருக்கலாம் என்பதை எளிமையாகச் சொல்கிறேன். மூன்றாம் கியருக்குள் நுழையும்முன் கியரின் வேகத்தையும் அது பூட்டிக்கொள்ளும் தண்டின் வேகத்தையும் சமப்படுத்த ஒரு வளையம் இருக்கிறது. அதுதான் சின்க்ரோ. அது தேய்ந்தால் நறநறக்கும். தடத்தில் அவசரமாக, கிளட்சை முழுதாக மிதிக்காமல் அடித்து மாற்றினால் தேயும். தொழிற்சாலையில் பொருந்தாமல் வந்தாலும் தேயும். பிரித்துப் பார்க்கும்போது கியரின் கூர்முனைப் பற்கள் உருண்டு மழுங்கியிருந்தால் பழி ஓட்டுநர் பக்கம் சாயும். பற்கள் கூராக இருந்து, வளையம் மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் குறை பொருளில் இருக்கிறது என்று வாதாடலாம்.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. தடத்தில் ஐந்தாம் கியரில் எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது நான்குக்குப் பதில் மூன்றில் விழுந்தால் என்ன ஆகும்? மூன்றின் விகிதம் 1.5, ஐந்தின் விகிதம் 1 என்று வைத்தால், எஞ்சின் 9,000 சுற்றுக்குத் தள்ளப்படும். சுற்றைக் கட்டுப்படுத்தும் கருவி எரிபொருளை மட்டும்தான் நிறுத்தும். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது. அப்படி ஒரு பதிவு உங்கள் காரில் இருந்தால் எந்த வாரண்டியும் நிற்காது, யாரிடம் போனாலும். அது நடந்ததா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மேடை வண்டியில் ஏற்றுங்கள். கியர் எண்ணெயை நீங்களாக மாற்றாதீர்கள்; அந்த எண்ணெய் ஒரு சாட்சி. பித்தளைப் பொடி தங்கம்போல் மின்னினால் சின்க்ரோ வளையம், காந்த அடைப்பானில் இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் பல் அல்லது பேரிங். அவர்கள் வடிக்கும்போது நீங்களும் அங்கே இருந்து, பாதி வடிந்தபின் சுத்தமான புட்டியில் 100 மில்லி பிடித்து, தேதி எழுதி வையுங்கள். பின்னால் பரிசோதனைக்கு அனுப்பலாம். புகாரை மின்னஞ்சலில் எழுதுங்கள்: எந்தக் கியர், எந்த வேகம், சூடாக இருக்கும்போதா குளிராக இருக்கும்போதா, எந்தத் தேதியிலிருந்து. காரணத்தை நீங்கள் ஊகிக்க வேண்டாம். தடத்தில் ஓட்டினீர்களா என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். செப்பாங்கில் கையெழுத்துப் போட்ட பொறுப்புத் துறப்புத் தாளில் உங்கள் கார் எண் இருக்கிறது.

பிரிப்பதற்குமுன் பிரிப்புக் கூலி யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்ததற்கும் மறுபடி பூட்டியதற்கும் நீங்கள்தான் கட்டவேண்டும் என்பார்கள், கட்டாவிட்டால் கியர்பாக்ஸ் பெட்டியில் துண்டுதுண்டாகக் கிடக்கும். கழற்றிய பாகங்களை எறியக் கூடாது என்றும் எழுதுங்கள். மறுத்தால், எந்த விதி எண், எந்தப் பாகம், என்ன காரணம், எந்தப் பதிவு என்று ஒரு கடிதம் கேளுங்கள். ‘தலைமையகம் மறுத்துவிட்டது’ என்று வாயால் சொல்வது பதில் ஆகாது.

அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேதியோடு அச்செடுங்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே தந்த வாக்குறுதிகள் செல்லாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். இருந்தாலும் விற்பதற்காகப் பொய் சொல்வது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற செயல். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் அந்தச் செய்தியோடு போங்கள். குறைபாட்டுப் பொருள் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வாங்கியபோதே இருந்ததாகக் கருதப்படும். உங்களுக்குப் பதினொரு மாதம். எனவே குறை முன்பே இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு இனி உங்கள் தலையில். அதனால்தான் அந்த எண்ணெயும் அந்தப் பற்களும் முக்கியம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரைதான். இருதரப்பும் சம்மதித்தால் 30,000. கால வரம்பு இரண்டு ஆண்டு. வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கியர்பாக்ஸின் விலை இந்த வரம்பை எளிதாகத் தொடும். இந்த வரம்பை வைத்தவர்கள் கார் விலைப் பட்டியலை எப்போது பார்த்தார்களோ!

அடுத்த மாதப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதே கியர்பாக்ஸோடு மறுபடி போனால் பழுது தடத்தில்தான் வந்தது என்ற வாதத்தை அவர்களுக்குப் பரிசளிக்கிறீர்கள். வேறு காரில் போவதாக இருந்தால், காப்பீட்டைப் பாருங்கள்: மேற்கு மலேசியா வரை செல்லும் காப்பீடு தடத்துக்குள் செல்லாது, பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமான விலக்கு, தடுப்புக் கம்பியை இடித்தால் அதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். பிரேக் எண்ணெயைப் போகுமுன் மாற்றுங்கள். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் சேர்ந்தபின் 155 வரை இறங்கலாம். நேர்ப்பாதை முடிந்து 15-ஆவது வளைவில் மிதிக்கும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். மாற்றியதற்கு ரசீது வாங்கி, கிலோமீட்டரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டும்போது பெட்ரோல் டாங்கி விதிப்படி முக்கால்வாசியாவது நிறைந்திருக்கட்டும்.