அம்மா கேட்கும் ஃபால்ஸ் சீலிங் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கோயம்புத்தூரில் ஒரு இன்டீரியர் நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர் கோத்தகிரி பக்கம். தாத்தாவும் பாட்டியும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அப்பா, அம்மா இருவருக்கும் தேயிலைத் தோட்ட வேலை. நான் பிறந்து வளர்ந்தது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். தாத்தா அதை இன்றைக்கும் ‘லயம்’ என்றுதான் சொல்வார். போன வருடம்தான் அப்பா மூன்று சென்ட் இடத்தில் சொந்தமாக இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கட்டினார். மேலே தகர ஷீட். உள்வேலை முழுக்க உன் பொறுப்பு என்று என்னிடம் விட்டுவிட்டார்கள்.

இதுதான் நான் தனியாகச் செய்யப்போகும் முதல் வீடு. அம்மாவோ கூரைக்கு அடியில் இன்னொரு கூரையாக ஃபால்ஸ் சீலிங் கேட்கிறார், அதுவும் ஓரத்தில் நீல விளக்கு எரிகிற மாதிரி. ஹாலில் கண்ணாடி போட்ட ஷோகேஸ் வேண்டுமாம். மரமும் கல்லுமாக எளிமையாகச் செய்யலாம் என்றால், “அப்புறம் நம்ம பழைய லைனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்கிறார். ராத்திரி மேலேயிருந்து சொட்டுகிறது என்று வேறு புலம்பல். தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது தூக்கி வந்த தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பெரிய டிசைனர்கள் தங்கள் பயணத்தைச் சொல்லும்போது இத்தாலி போனேன், ஜப்பான் போனேன், பாட்டி வீட்டு முற்றத்தில் எல்லாம் தொடங்கியது என்கிறார்கள். எனக்கு முற்றமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவளுக்கு என்ன ரசனை வந்துவிடும்? ஆபீஸில் சீனியர் ஒருவர் ஸ்காண்டிநேவியன் தீம் எடு என்கிறார். வழி சொல்லுங்கள் அக்கா.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி மேலேயிருந்து சொட்டுகிறது என்கிற வரி. அம்மா ஃபால்ஸ் சீலிங் கேட்பதையும் சொட்டுகிறது என்று புலம்புவதையும் நீங்கள் இரண்டு சங்கதியாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

போட்டு ஒரு வருடமே ஆன ஷீட், மழை இல்லாத ராத்திரியிலும் சொட்டுகிறது என்றால் அது ஒழுகல் இல்லை. உள்ளே சோறு வடிக்கிறீர்கள், குளிக்க வெந்நீர் காய்ச்சுகிறீர்கள், ஆறு பேர் மூச்சு விடுகிறீர்கள். அந்த ஈரமெல்லாம் மேலே போகிறது. மேகமில்லாத ராத்திரியில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். சூடான ஈரக்காற்று அதில் பட்டதும் ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதுபோல வியர்க்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில்தான் இது அதிகமாக இருக்கும். கம்பளியின் மேலே நடுராத்திரியில் ஒரு சொட்டு விழுந்தால் தூக்கம் போயிற்று. வாழ்நாளெல்லாம் விடியற்காலையில் எழுந்து கொழுந்துக்குப் போன பெண், படுக்கும் இடத்துக்கு மேலே காய்ந்த கூரை ஒன்று வேண்டும் என்கிறார். அதற்கு அவருக்குக் கிடைத்த பெயர் ஃபால்ஸ் சீலிங்.

ஆகவே அம்மா கேட்பதை அவசியம் செய்யுங்கள். ஆனால் வழக்கமாகப் போடும் ஜிப்சம் அட்டையில் செய்யாதீர்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரைக்கும் சுவர் காயாது. அந்த ஈரத்தை ஜிப்சம் குடித்து, ஓரங்களில் கறுப்புப் புள்ளி விட்டு, மூன்றாம் வருடம் தொங்கத் தொடங்கும். மலையில் பழைய பங்களாக்களில் அண்ணாந்து பாருங்கள். ஓட்டுக்கோ தகரத்துக்கோ அடியில் பலகை அடித்திருப்பார்கள். முகட்டுச் சுவரின் உச்சியில் சின்னதாகக் காற்றுத் துவாரம் விட்டிருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். கூரையைத் தாங்கும் கைமரத்தின் அடியில் ரீப்பர் சட்டம் அடித்து, ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகைக்குள் செருகிக்கொள்ளும்படி நெருக்கமாகப் பொருத்துங்கள். பலகைக்கு மேலே ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழைத்த பஞ்சு, பரப்பலாம். தெர்மாகோல் வேண்டாம், ஒயர் ஓடுகிற இடம், தீப்பற்றினால் நிற்காது. ராக்வூலுக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று கூரையின் கீழோரமான இறவாணத்தில் நுழைந்து முகட்டில் வெளியேறட்டும். இரண்டு முனையிலும் எலி புகாத வலை கட்டுங்கள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைத்தால் பாதி ஈரம் அங்கேயே வெளியே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. ஷீட்டின் இடுக்கில் காற்று வந்து போனவரைக்கும் தப்பித்திருப்பார்கள். பலகை அடித்து இடுக்கையெல்லாம் அடைத்த பிறகு கரிப்புகையின் விஷவாயு உள்ளேயே தங்கும். அதற்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

நீல விளக்கையும் போட்டுக் கொடுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சட்டம் ஓட்டி அதன் பின்னால் மறைத்துவிடலாம். தனி சுவிட்ச், அம்மாவின் கட்டில் பக்கத்தில். லைன் வீட்டில் மொத்தம் எத்தனை விளக்கு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வெளிச்சத்துக்காக இல்லாமல் அழகுக்காகவே ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதில் என்ன தப்பு இருக்கிறது?

பயணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன். குன்னூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் வீடு. படுக்கையறையின் வடக்குச் சுவரில், தரையிலிருந்து கூரை வரைக்கும், சுவரோடு ஒட்டி, வெள்ளை சன்மைக்கா போட்ட வார்ட்ரோப் செய்தேன். ஒரு இடுக்கு தெரியாது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் அந்த அம்மா வரச் சொன்னார்கள். டீ கொடுத்தார்கள். பிறகு கதவைத் திறந்து ஒரு கூறைப்புடவையை எடுத்து என் மடியில் வைத்து, “மோந்து பாருங்க” என்றார்கள். மடிப்புகளில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூஞ்சணம். சரிகை கறுத்திருந்தது. பின்பக்க பிளைவுட் அப்பளம்போலப் பொங்கியிருந்தது. நாற்பது வருடம் இரும்புப் பீரோவில் கெடாமல் இருந்த புடவை, நான் செய்த பெட்டியில் இரண்டே மழையில் போய்விட்டது. அவர்கள் ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. அந்த வாடை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அதைச் சரிசெய்து கொடுத்தவர் ஒரு வயதான ஆசாரி. முழுவதையும் கழற்றினார். கட்டை கொடுத்துச் சுவரைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினார். அடியில் கால் வைத்தார். கதவின் கீழேயும் மேலேயும் காற்றுக்கு வரிசையாகத் துளை போட்டார். உள்ளே ஒரு சின்ன குண்டு பல்பு மாட்டி, மழைக்காலத்தில் துணியில் படாமல் எரியவிடச் சொன்னார். வேலைக்கு நடுவில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இந்தச் சுவர்ல எப்ப வெயில் படும்னு பார்த்தீங்களா?” பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு மூடுபனி ஏறும்போது ஒருமுறை போய் நிற்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.

லாரி பேக்கரைப் பற்றிக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். பர்மிங்காமில் முறையாகக் கட்டடக்கலை படித்துவிட்டு, 1945இல் தொழுநோயாளிகளுக்கான இல்லங்களில் வேலை செய்ய இந்தியா வந்தவர். பிறகு இமயமலையில் பித்தோராகரில் பதினாறு வருடம் மனைவியோடு இருந்தார். அங்கே கல்லையும் மண்ணையும் உள்ளூர்க்காரர்கள் கையாண்ட விதத்தைப் பார்த்துத்தான், தான் படித்துவந்த படிப்பு இங்கே போதாது என்று உணர்ந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டார். கேரளத்தில் அவர் கட்டிய வீடுகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நல்ல வீடு என்பது சுற்றுவட்டாரம் ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருளால் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னது அவர் மனதில் கடைசிவரைக்கும் இருந்தது. உங்கள் சீனியர் சொல்லும் ஸ்காண்டிநேவியன் பாணியும் அப்படித்தான் பிறந்தது. குளிர்காலத்தில் சில மணி நேரமே வெளிச்சம் இருக்கிற நாடுகள் அவை. கிடைக்கிற வெளிச்சத்தை வீணாக்காமல் இருக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், பக்கத்துக் காட்டில் இருந்த வெளிர்நிற மரத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தங்கள் ஊரைப் பார்த்த மாதிரி நீங்கள் கோத்தகிரியைப் பாருங்கள். தீம் தனியாக வேண்டியதில்லை.

பலகைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். புது மரம் விலையும் அதிகம், இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955லிருந்தே சட்டம் இருக்கிறது. பழைய வீடு இடிக்கிற இடமாகப் பார்த்து விசாரியுங்கள். ஜன்னல், கதவு, பலகை எல்லாம் கிடைக்கும். ஆணியைப் பிடுங்கி, பூச்சி அரித்ததைத் தள்ளிவிட்டு, இழைத்துப் பார்த்தால் உள்ளே மரம் புதிதாக இருக்கும். நீலகிரியில் இது புது வழக்கமும் இல்லை. 1830இல் முடிந்த ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை. ரோடு சரியாக இல்லாத காலத்தில் அத்தனை பெரிய தேக்கு மரங்களை மலையேற்றியிருக்கிறார்கள். ஒருநாள் போய் அதன் அடியில் நின்று பாருங்கள், ஒரு மரம் எத்தனை வீட்டுக்கு உழைக்கும் என்பது தெரியும்.

இப்போது பத்துக்குப் பன்னிரண்டுக்கு வருகிறேன். ரசனை எங்கிருந்து வரும் என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு மனது கனத்துவிட்டது. நூற்றிருபது சதுர அடியில் ஆறு பேர். விடிந்ததும் பாயைச் சுருட்டினால்தான் அடுப்படிக்கு வழி. சாயங்காலம் நீங்கள் படித்த இடத்தில் ராத்திரி யாரோ படுத்திருப்பார்கள். துணி மாற்ற ஒரு புடவையைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். ஒரு பொருளை எங்கே வைத்தால் யார் காலில் இடிக்கும் என்பது உங்கள் உடம்புக்கே தெரியும். பெரிய வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரியாமல் பத்து வருடம் தப்பும் தவறுமாகப் பரண் போட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்க்கிறவர்களில் இடத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் நெருக்கடியான வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள்தான்.

அந்த அறையில் உங்களுக்கு இல்லாமல் போன ஒன்றும் உங்களுக்கே தெரியும். தனியாக உட்கார ஓர் இடம். அம்மாவுக்கும் அது இருந்திருக்காது. புது வீட்டில் காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறதோ அதன் அடியில், ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் நீளத்துக்கு மரப்பலகைத் திண்ணை போடுங்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து நடமாடும். தெற்கு ஜன்னல் இருந்தால் மத்தியானம் வரைக்கும் வெயில் உள்ளே கிடக்கும். கொழுந்து பறித்து விறைத்துப்போன விரல்களுக்கு அந்த வெயிலைவிட நல்ல சாமான் எதுவும் கடையில் கிடைக்காது.

தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். இருந்தாலும் சொல்கிறேன், அதை டீப்பாய் ஆக்காதீர்கள். 1964இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இலங்கைத் தோட்டங்களில் இருந்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதை அவர்களைக் கேட்காமலே இரண்டு அரசுகளும் தீர்மானித்தன. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஒரு பிறவி முழுக்கச் சேர்த்ததில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தாத்தாவும் பாட்டியும் உட்கார்ந்து யோசித்து அடுக்கிய பெட்டி அது. குன்னூர் விருந்தினர் விடுதிகளில் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து விளக்குக் கூடாக்கித் தொங்கவிடுகிறார்கள். அதைச் சுமந்த முதுகு யாருடையது என்று தெரியாதவர்கள் செய்கிற வேலை. உங்களுக்குத் தெரியும்.

அம்மா கேட்கும் ஷோகேஸில் என்ன வைக்கப்போகிறார் என்று அவரிடம் கேட்டீர்களா? பெரும்பாலும் பிள்ளைகள் வாங்கிய கப், கல்யாண போட்டோ, எவர்சில்வர் சாமான், ஒரு பொம்மை. லைன் வீட்டில் வைக்க இடமில்லாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தவை. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பி, உயரத்தை அளந்து, அதற்கேற்ப தட்டு அமையுங்கள். சுவரோடு ஒட்டாமல், நான் செய்த தப்பைச் செய்யாமல். அடித்தட்டைத் தாத்தாவின் தகரப் பெட்டியின் அளவுக்கு விடுங்கள். கதவு வேண்டுமா, திறந்தே இருக்கட்டுமா என்பதைத் தாத்தாவிடம் கேளுங்கள். பெட்டியே வேண்டாம், அது கட்டிலுக்கடியில் கிடக்கட்டும் என்று அவர் சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள்.

மழை தொடங்கும் முன் பலகை வேலை முடிந்துவிட்டால் நல்லது. ஆசாரியை வரச் சொல்வதற்கு முன்னால், வானம் தெளிந்த ஒரு ராத்திரி அம்மாவை உங்கள் இடத்தில் படுக்கச் சொல்லிவிட்டு, அவர் படுக்கிற இடத்தில் நீங்கள் படுத்துப் பாருங்கள். எங்கெங்கே சொட்டு விழுகிறதோ அங்கெல்லாம் தரையில் சாக்பீஸால் குறித்துவையுங்கள். காலையில் அதை அளந்து காகிதத்தில் வரைந்து, ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் போட்டு எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா