கார் ஓட்டுவதை நிறுத்திய அப்பா வீட்டிலேயே முடங்கிவிட்டார்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 76. கிளாக்கோமா என்ற கண்நோயால் பக்கவாட்டுப் பார்வை குறைந்ததால், மருத்துவர் சொன்னபடி ஆறு மாதங்களுக்கு முன் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். நன்றாகவே நடக்கிறார், ஆனால் நண்பர்களைப் பார்க்கப் போவதில்லை. எங்கே வேண்டுமானாலும் அழைத்துச் செல்ல நாங்கள் தயாராக இருக்கிறோம். வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் மின்சார இருக்கை வண்டி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போக உங்களைத் தயங்காமல் அழைக்கும் தந்தை, நண்பரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வருவதற்காக உங்கள் விடுமுறை நாளைக் கேட்க மாட்டார். கார் ஓட்டுவது நின்றதும் முதலில் நின்றுபோவது இத்தகைய 'அவசியமற்ற' பயணங்கள்தான். கார் ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருப்பதை பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில், அவர் கேட்காமலே வாசலில் வந்து நிற்கும் வாடகைக் காரை ஏற்பாடு செய்யுங்கள். காரின் காப்பீடு, எரிபொருள், பழுதுச் செலவுகளில் மிச்சமாகும் பணத்திலிருந்து வாடகையை அவரே தன் கையால் கொடுக்கட்டும்.

பேருந்து வசதி இருந்தால் நெரிசல் இல்லாத நேரத்தில் முதல் சில முறை நீங்களும் உடன் செல்லுங்கள், ஏனெனில் முதியவர் உட்காருவதற்குள் ஓட்டுநர்கள் பேருந்தைக் கிளப்பும் பழக்கத்தால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாலை கடக்கும் விளக்குகளும் பல இடங்களில் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்காகவே அமைக்கப்படுகின்றன; வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவர், 12 மீட்டர் அகலச் சாலையில் விளக்கு மாறும்போது 8 மீட்டரைத்தான் தாண்டியிருப்பார். பச்சை விளக்கை ஐந்து வினாடி நீட்டுவதற்கு இத்தனை ஆண்டுகளாக ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். உங்கள் தந்தை காலையில் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா? ஃப்யூரோசிமைடு போன்ற மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் ஆறு மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கம் இருப்பவர்களுக்கும் இதே அவசரம் உண்டு. காரில் போனபோது நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கியவர், இப்போது கழிப்பறை எங்கே இருக்குமென்று தெரியாத இடத்துக்கு வர மறுப்பார். காரணத்தை மகளிடமோ மகனிடமோ சொல்லக் கூச்சப்பட்டு, 'எனக்கு அங்கே என்ன வேலை' என்று பேச்சை முடித்துவிடுவார். சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ முடிவுகட்டிவிடாமல், மருத்துவர் அவரிடம் தனியாகப் பேசும்படி செய்யுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றினாலே பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. ஆனால் நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

அந்த விற்பனையாளர் உங்கள் தந்தையின் பார்வையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா? பக்கவாட்டில் வருபவரைக் காண முடியாதவருக்கு அந்த வண்டியும் ஆபத்துதான். நடக்கக்கூடியவர் அதில் உட்காரத் தொடங்கினால் கால் வலுவும் குறையும். இன்று மட்டும் தள்ளுபடி என்று அவசரப்படுத்துபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். இவர்களைவிட மோசமானவர்கள், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்துத் தருவதாக முதியவர்களிடம் நேரடியாகப் பேசிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்கள். கிளாக்கோமாவில் இழந்த பார்வை எந்தச் சான்றிதழாலும் திரும்பாது. அப்படி யாரிடமாவது உங்கள் தந்தை அசல் உரிமத்தையோ அடையாள அட்டையையோ கொடுத்திருக்கிறாரா என்று இன்றே கேட்டு, கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.