டிடி ஊசி போட்டாச்சு, பிறகு எதற்கு ஃப்ளூ ஊசியும் டிடாப்பும்?

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். பிஎச்சியில் டிடி ஊசி போட்டுவிட்டார்கள். தனியாகப் பார்க்கும் டாக்டர் ஃப்ளூ ஊசியும் டிடாப்பும் எழுதித் தந்திருக்கிறார். தேவையா, காசு பிடுங்கும் வேலையா?

நானும் இதே சந்தேகத்தோடு சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சுற்றியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இரண்டு பிள்ளை பெற்றவள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் அம்மாக்கள் போட்டதும் டிடி, இப்போது போடுவதும் டிடி. காதில் ஒன்றாக விழுந்தாலும் பழையது (TT) ரணஜன்னிக்கு மட்டும். புதியதில் (Td) தொண்டை அடைப்பானும் சேர்ந்திருக்கிறது. இரண்டிலுமே கக்குவான் இருமலுக்கு மருந்து கிடையாது, அது டிடாப்பில்தான் இருக்கிறது. குழந்தைக்குக் கக்குவானுக்கான முதல் ஊசி (பென்டா) ஆறாவது வாரத்தில்தான் போடுவார்கள். அதுவரை அதற்கு நம்மிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்புச் சக்திதான். அது கடைசி மூன்று மாதத்தில் அதிகமாகப் போகும் என்பதால் டிடாப்பை 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த பிரசவம் என்றால் மறுபடியும் போட வேண்டும்.

என் மாமியார், “ஊசிமேல ஊசியா? நாங்கல்லாம் பெத்துக்கலையா?” என்றுதான் ஆரம்பித்தார். கக்குவானுக்கு என்று சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அவர் தம்பி சின்ன வயதில் மாதக்கணக்கில் இருமி நீலம் பாரித்ததைப் பார்த்தவர். “கக்குவானுக்கா? அப்ப போடு.”

ஃப்ளூ ஊசிக்கு அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை. சொல்லாமல் போய்ப் போட்டுக்கொண்டேன். முதல் பிரசவத்தில் அதை வேண்டாம் என்று விட்டு, எட்டாம் மாதம் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். வயிறு மேலே ஏறி நுரையீரலை நெருக்கும் நேரத்தில் சாதாரண ஃப்ளூ கூடச் சாதாரணமாக இருப்பதில்லை.

ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடவே முடியாது. வங்காளதேசத்தில் 340 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளிடம், பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவு. என் மனதை மாற்றியது அந்த எண்தான். ஊசியில் இருப்பது செத்த கிருமி, அதனால் ஃப்ளூ வராது. மூக்கில் விடும் உயிருள்ள மருந்து மட்டும் கர்ப்பிணிக்கு ஆகாது. ஃப்ளூ ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். சென்னைப் பக்கம் என்றால் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போட்டுவிடுங்கள்.

லண்டனில் இருக்கும் நாத்தனாருக்கு இவற்றோடு ஆர்எஸ்வி (கைக்குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்) ஊசியும் போட்டார்கள். அங்கே செப்டம்பர் 2024 முதல் 28 வாரம் ஆனவர்களுக்கு இலவசம். இங்கே எனக்கு இரண்டுக்கும் சில ஆயிரம் செலவானது, பொய் சொல்ல மாட்டேன். பணம் இடித்தால் எதை முதலில் போடலாம் என்று டாக்டரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். முன்பு எந்த ஊசிக்காவது அலர்ஜி வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஒரு நாள் கை வலி, லேசான உடம்பு வலி, அவ்வளவுதான். கூடவே ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட என் கணவர்தான் மூன்று நாள் கையைப் பிடித்துக்கொண்டு புலம்பினார்.