தோல் மருத்துவமா, ஆறு மாதச் சான்றிதழா?

மேலூரிலிருந்து எழுதியுள்ள ஐயா அவர்களுக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் நீட் தேர்வை விட்டுவிட்டு, மதுரையில் ஆறு மாதக் காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) படிப்பில் சேர விரும்புவதாகவும், அதை முடித்தால் லேசரும் முடி மாற்று சிகிச்சையும் தானே செய்யலாம் என்று அங்கே சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செய்ய முடியாது. முடி மாற்றுதல் போன்ற சிகிச்சைகளைத் தொடங்க, பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மருத்துவர்களுக்கே சொல்லியிருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. கரும்புள்ளிக்குச் செய்யும் கெமிக்கல் பீலில், கிளைகாலிக் அமிலத்தை முகத்தில் பூசி, தோல் சிவப்பதைக் கவனித்து, உரிய நிமிடத்தில் அதன் வீரியத்தை முறித்துக் கழுவ வேண்டும். சற்றே தாமதித்தாலும் தோல் வெந்துவிடும், நம்மவர்களின் மாநிறத் தோலில் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். முடி நீக்கும் லேசரின் ஒளியைத் தோலின் நிறமியும் உறிஞ்சிக்கொள்வதால், கறுத்த தோலுக்கு, நிறமி குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் அலைநீளமே பெரும்பாலும் பாதுகாப்பானது. மச்சம் என்று வருவது சில வேளை புற்றாகவும் இருக்கும். அதைச் சுட்டு எடுப்பதற்கு முன், சந்தேகம் இருந்தால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தோலை எடுத்துப் பயாப்சி என்னும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றுக்கு உரிய வழி நீளமானது. ஹவுஸ் சர்ஜன் பயிற்சியோடு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், பிறகு முதுநிலை நீட், அதன்பின் எம்.டி. மூன்று ஆண்டுகள். தோல் பிரிவுக்குப் போட்டி மிகக் கடுமை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பட்டத்தில் பால்வினை நோயும் தொழுநோயும் சேர்ந்தே வரும். நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவு வரிசையில் படர்தாமரையும் சொறியும் வெண்புள்ளியும்தான் நிற்கும், அழகுக்காக வருபவர்கள் குறைவு. மகள் இதை ஒருமுறை நேரில் பார்க்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், மருத்துவ இடங்களில் உள்ள 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அழகுக்கலையை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. ஃபேஷியல், திரெட்டிங், மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றை நன்றாகக் கற்றவர்கள் மேலூரிலேயே கடை வைத்துக் கௌரவமாகப் பிழைக்கலாம். அதற்கான கட்டணத்தை மட்டும் கட்டுங்கள். லேசரும் ஊசியும் கற்றுத் தருவதாகக் கூடுதல் தொகை கேட்டால், படித்து முடித்தபின் அவற்றைச் சட்டப்படி யார் செய்யலாம் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கட்டாதீர்கள்.