மறைந்த உங்கள் அம்மாவைப் பற்றி எதை எழுதி வைப்பீர்கள்?

அம்மா போன வருஷம் தவறிப்போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் அன்பு, பொறுமை, தியாகம் என்றார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த மூன்றையும் எந்த வீட்டு அம்மாவுக்கும் சொல்லிவிடலாம். நான் எழுதி வைப்பது அவருடைய தொழிலை. அவர் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால் வெட்டுக்காரர்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் அந்த இருட்டு வேலை. தலையில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவர்த்தி. முதலில் முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவார். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைப்பார். பிறகு கத்தி. பட்டையை மெல்லிய சீவலாகச் சரிவாக இழுத்துக்கொண்டே வருவார்; நடுவில் கை நிற்காது. மேலாக வெட்டினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அங்கே கத்தி வைக்க முடியாது. “நோகாம வெட்டணும்டா, நாளைக்கும் இதே மரத்துக்கிட்டதான் வந்து நிக்கணும்” என்பார்.

மழையை ரசிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பட்டை நனைந்தால் பால் மங்குக்கு வராமல் மரமெல்லாம் வழியும். வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிகளே மாதம் 10 வெள்ளி (அந்த ஊர்ப் பணம்) கட்டிப் பங்கு சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டம் வாங்கும் திட்டம். கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். அன்றைய சம்பளத்தில் 10 வெள்ளி சின்னத் தொகை இல்லை. அப்பா முணுமுணுத்தார், அம்மா கட்டினார். பிற்காலத்தில் யாராவது “நீங்க தோட்டத்துல கூலியா இருந்தீங்களா?” என்று கேட்டால், “கூலியாவும் இருந்தேன், பங்காளியாவும் இருந்தேன்” என்று பதில் வரும்.

பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டார்கள். நாங்கள் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அம்மா ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்தார். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை, நானும் நீட்ட விரும்பவில்லை.

கத்தியை விட்டு எத்தனையோ வருஷம் கழித்து, பாலிக் புலாவ் போகும் வழியில் பழைய ரப்பர் மரம் ஒன்றின் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னார். தழும்பேறிய பட்டையில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “எவனோ அவசரக்காரன் வெட்டியிருக்கான். சம்பளம் வாங்கினானா, மரத்தைப் பழிவாங்கினானா?” என்றார். முகத்தில் அப்படி ஒரு எரிச்சல்.

எழுத நினைக்கிறவர்கள், அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு அடுத்த நிரையில் வெட்டிய பாட்டி ஒருவர் இன்னும் இருக்கிறார். பால் நிறுக்கும் இடத்தில் தோட்டக் கணக்கரான கிராணியோடு அம்மா போட்ட சண்டைகளை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் அப்படியெல்லாம் சத்தம் போட்டவர் இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அக்காவிடம் காட்டினேன். பாதி தப்பு என்கிறாள். மீதியை அவளையே எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.